ஆட்சி பழகும் பள்ளி: அன்னி பெசன்ட் அம்மையாரின் வாழ்வும் குடிமைக் கல்வியும்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், வேளச்சேரி வழியாக அடையாற்றை அடைந்து, அங்கிருந்து கடற்கரையை நோக்கிச் செல்வோர் பெசன்ட் நகரைக் காண்பர். அந்நகருக்குப் பெயர் தந்த அம்மையாரை நம்மில் பலர் இருவகையில் அறிவோம். பிரம்ம ஞான சபையின் தலைவராக அடையாற்றில் வாழ்ந்தவர் என்பது ஒன்று. தன்னாட்சி இயக்கம் கண்டு, 1917ஆம் ஆண்டு கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமையேற்ற முதற்பெண்மணி என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் அடியில் மூன்றாவது ஒன்று உண்டு. அவர் வாழ்நாள் முழுவதும் ஆசிரியராகவே இருந்தார். மக்களாட்சி என்பது நூலைப் படித்து அறியும் பாடமா, செய்து பழகும் தொழிலா என்னும் வினா அவர் வாழ்வு நெடுகிலும் தொடர்ந்து வந்தது. அதற்கு அவர் கண்ட விடையின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காண்பது இக்கட்டுரையின் நோக்கம். உயர்நிலைப் பள்ளிகளில் குடிமைக் கல்வியை எவ்வாறு கற்பிப்பது என்று ஆராய்வோர்க்கு இவ்விரண்டும் பயன்படும்.

இளமையில் கற்ற வழி

அம்மையார் 1847 அக்டோபர் 1 அன்று இலண்டன் மாநகரில் பிறந்தார். ஐந்தாம் வயதில் தந்தையை இழந்தார். குடும்பத்தின் வறுமையறிந்த எல்லன் மேரியட் என்னும் அம்மையார் அச்சிறுமியைத் தம் பொறுப்பில் வைத்துக் கற்பித்தார். இலக்கணச் சூத்திரங்களை மனப்பாடம் செய்விப்பது அவர் வழக்கமன்று. குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வார். கண்டவற்றைக் கடிதமாக எழுதச் சொல்வார். எழுதியதைத் திருத்தும்போதே இலக்கணத்தை உணர்த்துவார். தானே கண்டு, தானே சொல்லி, பிழைபட்டுத் திருந்துவதே கல்வி என்னும் எண்ணம் அந்த இளம் உள்ளத்தில் அன்றே வேரூன்றியது எனலாம்.

1867இல் அவர் பிராங்க் பெசன்ட் என்னும் சமயகுருவை மணந்தார். இரு மக்கட்பேறு வாய்த்தது. ஆயினும் சமயக் கொள்கையில் எழுந்த ஐயமும் இல்லறத்தில் நேர்ந்த துன்பமும் 1873இல் கணவரைப் பிரியச் செய்தன. பின்னர்ச் சார்லசு பிராட்லாவுடன் சேர்ந்து பகுத்தறிவு இயக்கத்தில் ஈடுபட்டார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டமைக்காக 1877இல் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அம்மையார் வழக்கறிஞரை அமர்த்தாமல் தமக்காகத் தாமே வாதாடினார். மறு ஆண்டிலேயே, அவர் கொள்கையையும் அந்நூல் வெளியீட்டையும் காரணம் காட்டி, மகளை அவரிடமிருந்து பிரித்தது நீதிமன்றம். சட்டத்தை இயற்றுவதில் பங்கில்லாத ஒருவரைச் சட்டம் எவ்வாறு நடத்தும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டார். பிற்காலத்தில் குடியுரிமை பற்றி அவர் பேசிய பேச்சுகளின் பின்னணியில் இத்துயரும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

இலண்டன் பள்ளி வாரியத்தில்

அக்காலத்தில் இங்கிலாந்துப் பெண்களுக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. ஆனால் 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் பள்ளி வாரியங்களில் உறுப்பினராகும் உரிமையைப் பெண்களுக்கும் வழங்கியிருந்தது. 1888ஆம் ஆண்டு தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்று புகழ்பெற்றிருந்த அம்மையார், அவ்வாண்டு இறுதியில் டவர் ஹாம்லெட்சு பகுதியில் போட்டியிட்டு, அங்கு மிகுதியான வாக்குகள் பெற்று இலண்டன் பள்ளி வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். நாட்டின் ஆட்சி மன்றத்திற்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க உரிமையற்றவர், நகரின் பள்ளிகளை ஆளும் மன்றத்தில் அமர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பசித்த வயிற்றோடு வரும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்று வாதிட்டு, ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளியில் உணவளிக்க முயன்றார். வாரியத்தின் ஒப்பந்தக்காரர்கள் தொழிலாளர்க்கு உரிய கூலி தரவேண்டும் என்றும் போராடினார். இங்குத் தமிழகத்துச் செய்தி ஒன்றை இணைத்து எண்ணலாம். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்க முடிவுசெய்தது. அதற்குத் தலைமை தாங்கிய பிட்டி தியாகராயர் அரசியலில் அம்மையாருக்கு எதிரணியில் நின்றவர். கொள்கையால் வேறுபட்ட இருவரும் பள்ளிப் பிள்ளையின் பசி என்னும் ஒரே இடத்திற்கு வந்துசேர்ந்தனர். 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலம் தழுவி வளர்ந்த மதிய உணவுத் திட்டத்தையும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் காணும் நமக்கு, உணவும் குடிமைக் கல்வியின் ஒரு பகுதியே என்பது புதுமையாகத் தோன்றாது.

காசியில் கண்ட கல்லூரி

1889இல் பிரம்ம ஞான சபையில் சேர்ந்த அம்மையார், 1893 நவம்பர் 16 அன்று தூத்துக்குடியில் கரையிறங்கினார். அவர் முதன்முதல் மிதித்த இந்திய மண் தமிழ்மண்ணே. 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். பின்னாளில் காசி இந்துப் பல்கலைக்கழகம் அமைவதற்கு அதுவே கருவாயிற்று. அரசின் மானியத்தை எதிர்பாராமல், தொண்டுள்ளம் கொண்ட ஆசிரியர் பலர் ஊதியமின்றிப் பணியாற்ற, அக்கல்லூரி வளர்ந்தது. விளையாட்டு, மாணவர் இதழ், சொற்போர் ஆகியன பாடத்திற்குப் புறம்பானவையாகக் கருதப்படாமல் கல்வியின் உறுப்புகளாகவே போற்றப்பட்டன. அடித்துத் திருத்தும் முறையை அம்மையார் ஏற்கவில்லை. அச்சத்தால் அடங்கும் மாணவன் நாளை அச்சுறுத்தும் ஆட்சிக்கும் அடங்குவான் என்பது அவர் கொள்கையின் உட்கிடை.

ஆயினும் அக்காலத்து அவர் கருத்துகளுள் ஒன்று நம்மை வருத்துவது. 1909இல் எழுதிய ஒரு கட்டுரையில், தாழ்த்தப்பட்ட வகுப்புக் குழந்தைகளை ஏனைய குழந்தைகளோடு உடனே ஒரே பள்ளியில் அமர்த்தலாகாது என்றும், தூய்மையும் நற்பழக்கமும் முதலில் தனிப்பள்ளிகளில் கற்பிக்கப்பட வேண்டும் என்றும் அவர் கருத்துரைத்தார். பல்லாண்டுகள் கழித்து அண்ணல் அம்பேத்கர் தம் நூலொன்றில் அதனை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894 முதல் அவ்வகுப்புக் குழந்தைகளுக்கென இலவசப் பள்ளிகளைத் தொடங்கி நடத்தினார் என்பதும், அச்சபையின் தலைமையையே அம்மையார் 1907இல் ஏற்றார் என்பதும் உண்மை. ஆனால் தனியே ஒரு பள்ளி தருவதும், ஒரே பலகையில் அருகமர்த்துவதும் வேறுவேறு. முதலில் தகுதி, பின்னர் நுழைவு என்னும் இந்த எண்ணம் அவர் அரசியலிலும் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்போம்.

சென்னையில் ஒரு பாராளுமன்றம்

1914ஆம் ஆண்டு அம்மையார் நேரடி அரசியலில் இறங்கினார். அவ்வாண்டு சனவரியில் காமன்வீல் என்னும் வார இதழைத் தொடங்கினார். சில மாதங்களில் ஒரு நாளிதழை வாங்கி நியூ இந்தியா எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் இந்திய இளைஞர் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்திற்கென அரண்மனைக்காரத் தெருவில் எழுந்த கோகலே மண்டபம், சென்னையின் பொதுவாழ்வில் நெடுங்காலம் சிறந்த சொற்பொழிவு மேடையாக விளங்கியது.

இக்காலத்தில் அவர் தோற்றுவித்த அமைப்புகளுள் இன்று பெரிதும் மறக்கப்பட்டது சென்னைப் பாராளுமன்றம் என்பதாகும். இஃது அதிகாரம் உடைய மன்றமன்று; பயிற்சி மன்றம். பாராளுமன்றத்தின் நடைமுறைப்படியே உறுப்பினர்கள் சட்ட முன்வரைவுகளைக் கொண்டுவந்து விவாதித்தனர். கட்டாயத் தொடக்கக் கல்வி, ஊராட்சி முதலிய பொருள்கள் அங்கு வரைவு வடிவம் பெற்றன. வெறும் பட்டிமன்றத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நுண்ணியது. பட்டிமன்றத்தில் பேசுவோர் எதிரணியை வென்றால் போதும். சட்டம் வரைவோர் அவ்வாறு அமைய முடியாது. பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வரும், பிள்ளையை அனுப்பாத பெற்றோரை என்ன செய்வது, ஊராட்சிக்கு எவ்வளவு வரி விதிக்கலாம் என்று ஒவ்வொரு வினாவிற்கும் விடை எழுதியாக வேண்டும். எதிரணியார் காட்டும் குறையை ஏற்றுத் தம் வரைவைத் திருத்தியும் ஆகவேண்டும். ஆள்வோரைக் குறைகூறிப் பழகியவர்க்கு, ஆளும் பொறுப்பின் கடுமையை உணர்த்தும் பள்ளியாக அம்மன்றம் அமைந்தது.

சிறுவர்க்கும் அவர் ஒரு வழி கண்டார். பேடன் பவலின் சாரணர் இயக்கத்தில் அந்நாளில் இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. எனவே அம்மையார், சார்ச்சு அருண்டேல் முதலியோர் துணையுடன், இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது பெரிய இயக்கத்தோடு இணைந்தது. சிறு சிறு அணிகளாகப் பிரிந்து, தமக்குள் ஒரு தலைவனைக் கொண்டு, பணிகளைப் பகிர்ந்து, தவறு நேர்ந்தால் கூடி ஆராயும் அம்முறை, சிறுவர்க்கு ஏற்ற ஆட்சிப் பயிற்சியே அன்றோ? அமெரிக்கக் கல்வியறிஞர் சான் டூயி மக்களாட்சியும் கல்வியும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டது 1916இல். அதே ஆண்டு செப்டம்பரில் அம்மையார் சென்னையில் தன்னாட்சிச் சங்கத்தைத் தொடங்கினார். உலகின் இரு கோடிகளில் ஒரே சிந்தனை அரும்பிய காலம் அது.

தடையாணையும் காவலும்

தன்னாட்சி இயக்கம் மாணவர் நடுவே விரைந்து பரவியது. 1917 மே மாதம் சென்னை மாகாண அரசு, மாணவர்கள் அரசியல் கூட்டங்களுக்குச் செல்லுதல் கூடாது எனத் தடையாணை பிறப்பித்தது. சூன் மாதம் ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அரசு, அம்மையாரையும் அருண்டேலையும் பி. பி. வாடியாவையும் காவலில் வைக்க ஆணையிட்டது. எழுபதை எட்டும் முதுமையில் அம்மையார் உதகையில் அடைபட்டார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இந்தியாவிற்குப் பொறுப்பாட்சியைப் படிப்படியாக வழங்குவதே நோக்கம் என்று ஆகத்து 20 அன்று இந்திய அமைச்சர் மாண்டேகு அறிவித்தார். செப்டம்பரில் மூவரும் விடுதலை பெற்றனர்.

அரசின் தடையாணைக்கு ஓர் உட்கருத்து உண்டு. மாணவன் முதலில் படித்து முடிக்கட்டும், குடிமகனாவது பின்னர் என்பதே அது. அம்மையார் இதனை ஏற்கவில்லை. நாளை ஆளவேண்டியவர் இன்று கேட்கவும் சிந்திக்கவும் வாதிடவும் பழகவேண்டும் என்றார். இந்நோக்கத்தோடு அவர் வளர்த்த தேசியக் கல்வி முயற்சியின் விளைவாக 1918இல் அடையாற்றில் தேசியப் பல்கலைக்கழகம் ஒன்று அமைந்தது. இரவீந்திரநாத் தாகூர் அதன் வேந்தரானார்.

பெண்கள் நிலையிலும் இக்காலம் சிறப்புடையது. 1917 மே மாதம் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்திற்கு அம்மையாரே தலைவர். மார்கரெட் கசின்சு முதலியோர் அதன் உயிர்நாடியாக உழைத்தனர். அவ்வாண்டு இறுதியில் மாண்டேகு சென்னை வந்தபோது, சரோசினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைக் கண்டு வாக்குரிமை கோரியது. 1921இல், மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை, பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது.

ஒதுங்கி நின்ற ஆண்டுகள்

புகழின் உச்சியிலிருந்து அம்மையார் விரைவில் இறங்க நேர்ந்தது. அவர் இயக்கத்தை உயர்சாதியினரின் இயக்கமாகக் கண்ட நீதிக்கட்சியினர் தொடக்கத்திலேயே அதனை எதிர்த்தனர். பாரதியாரும் அம்மையாரை எள்ளி ஆங்கிலத்தில் ஓர் அங்கதக் கதை எழுதியிருந்தார். 1919க்குப் பின் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, அம்மையார் அதற்கு உடன்படவில்லை. மாணவர்கள் பள்ளி, கல்லூரிகளை விட்டு வெளியேற வேண்டும் என்ற அழைப்பை அவர் கடுமையாக எதிர்த்தார். சட்டத்தை மீறப் பழகிய தலைமுறை, நாளை தன் சொந்த ஆட்சியின் சட்டத்தையும் மதியாது என அஞ்சினார்.

அவருடைய அச்சம் முற்றிலும் பொருளற்றது என்று கூறிவிட முடியாது. ஆனால் அவர் காணத் தவறியதும் ஒன்று உண்டு. எழுத்தறியாத உழவரும் நெசவாளரும் இல்லத்துப் பெண்டிரும் ஒத்துழையாமையின் வழியே முதன்முறையாகக் கூடி முடிவெடுக்கவும், முடிவின் விளைவைத் தாங்கவும் பழகினர். கோகலே மண்டபத்திற்குள் வர இயலாதவர்க்குத் தெருவே பள்ளியாயிற்று. செய்து கற்றல் என்பதை வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய அம்மையார், செய்யும் இடத்தையும் செய்யும் முறையையும் முன்னதாகவே வரையறுத்துவிட விரும்பினார். மக்களோ தம் பள்ளியைத் தாமே தேர்ந்துகொண்டனர்.

படியேறும் வாக்குரிமை

அதன்பின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. இந்தியர்கள் கூடி வரைந்த அரசியலமைப்பாக இந்தியப் பொதுநல நாட்டு மசோதாவை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். தொழிற்கட்சியைச் சேர்ந்த சார்ச்சு இலான்சுபரி 1925இல் அதனைப் பிரித்தானியப் பொதுமக்கள் அவையில் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. எனினும் அடிப்படை உரிமைகளை வரிசைப்படுத்தியதும், இலவசத் தொடக்கக் கல்வியையும் ஆண் பெண் சமத்துவத்தையும் அவ்வுரிமைகளுள் சேர்த்ததும் அதன் தனிச்சிறப்பு.

அம்மசோதாவின் வாக்குரிமை அமைப்பே நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஊராட்சி அளவில் வயதுவந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்கு உண்டு. வட்டம், மாவட்டம், மாகாணம், நாடு என மேலே செல்லச் செல்ல, கல்வி, உடைமை முதலிய தகுதிகள் கூடிக்கொண்டே போகும். ஊராட்சியே மக்களாட்சியின் தொடக்கப்பள்ளி. அங்குத் தேறியோர் அடுத்த வகுப்பிற்குச் செல்லலாம் என்பது இதன் கருத்து. ஓர் ஆசிரியரின் உள்ளத்தில் உதித்த அரசியலமைப்பு இது என்பதில் ஐயமில்லை. அதன் அழகும் குறையும் அங்கேயே உள்ளன. வகுப்பில் தேர்ச்சியை முடிவுசெய்பவர் ஆசிரியர். ஆனால் நாட்டில் ஒரு குடிமகனின் தேர்ச்சியை முடிவுசெய்ய எவருக்கு உரிமை உண்டு? கல்வி மறுக்கப்பட்டவனிடம் கல்வியில்லை என்று கூறி வாக்கை மறுப்பது, 1909இல் தனிப்பள்ளி வேண்டும் என்ற கருத்தின் மறுவடிவமே ஆகும்.

விடுதலை பெற்ற இந்தியா இப்படிகளை ஏற்கவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர் அளவிலேயே இருந்தனர். ஆயினும் 1951–52 பொதுத்தேர்தலில் 17 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றனர். எழுதப் படிக்க அறியாதவர்க்காகப் பெட்டிகளில் சின்னங்கள் ஒட்டப்பட்டன. தகுதி வந்தபின் வாக்கு என்னாமல், வாக்களித்தே தகுதி பெறுவர் என்று அரசியலமைப்பை வகுத்தோர் நம்பினர். செய்து கற்றல் என்னும் அம்மையாரின் கொள்கையை, அவரே செல்லத் தயங்கிய எல்லைவரை அவர்கள் கொண்டுசென்றனர் என்று கூறின் அது மிகையாகாது.

1933 செப்டம்பர் 20 அன்று அம்மையார் அடையாற்றில் காலமானார். மறு ஆண்டு அருண்டேலும் ருக்மிணி தேவியும் அவர் நினைவாக அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினர். 1939இல் அருண்டேலின் அழைப்பை ஏற்று வந்த மாண்டிசோரி அம்மையார், குழந்தை தானே செய்து கற்கும் முறையில் ஆசிரியர் பலரை அடையாற்றில் பயிற்றுவித்தார். விதைத்தவர் மறைந்தபின்னும் அந்நிலம் தரிசாகக் கிடக்கவில்லை.

நிறைவாக

நம் பள்ளிகளில் இன்று குடிமையியல் என்பது சமூக அறிவியல் நூலின் ஒரு பகுதியாக உள்ளது. அடிப்படை உரிமைகளை வரிசை மாறாமல் எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுகின்றனர். அதே வகுப்பில் தலைவரை ஆசிரியரே அமர்த்துகிறார். அத்தலைவருக்குப் பெரும்பாலும் வாய்க்கும் முதற்பணி, பேசுவோர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. பிறர் சார்பில் பேசவேண்டியவர், பேசுவோரைக் காட்டிக்கொடுப்பவராகத் தம் பொதுவாழ்வைத் தொடங்குகிறார். 1966 முதல் மைய அரசின் இளைஞர் பாராளுமன்றத் திட்டம் நடைபெற்று வருகிறது. அது பயனுடையதே. ஆனால் ஆசிரியர் எழுதித்தந்த உரையாடலை மாணவர் ஒப்பிப்பதாக முடியுமாயின், அது நாடகப் பயிற்சியே அன்றி ஆட்சிப் பயிற்சி ஆகாது. மாணவர் மன்றத்திற்குச் சிறிதளவேனும் உண்மையான அதிகாரம் வேண்டும். நூலகத்திற்கு எந்த நூல்களை வாங்குவது, விளையாட்டுத் திடலை எந்த வகுப்பு எப்போது பயன்படுத்துவது, குடிநீர்க் குழாயடியில் நெரிசலை எவ்வாறு தவிர்ப்பது என்பன போன்ற சிலவற்றையேனும் அவர்கள் கூடி முடிவுசெய்யட்டும். முடிவு தவறாயின், அடுத்த கூட்டத்தில் அவர்களே திருத்தட்டும். நன்கு படிப்போர் மட்டுமே அம்மன்றத்தில் நிற்கலாம் என்னும் விதியை மட்டும் வகுத்தல் கூடாது. அம்மையாரின் வாழ்வு நமக்குத் தரும் எச்சரிக்கை அது.

நம் வட்டாரத்திற்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. 2022 பிப்ரவரியில் அதன் 70 வட்டங்களுக்கும் முதல் தேர்தல் நடந்தது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பம்மல் உள்ளிட்ட இடங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் கூடின. நம் மாணவர் தம் வட்டத்தின் எண்ணை அறிந்து, அத்தகைய கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து, குப்பையும் வடிகாலும் ஏரியும் எவ்வாறு பேசப்படுகின்றன என்பதைக் கேட்டுவந்து வகுப்பில் விவாதிக்கலாம். 1917இல் மாணவர்க்குத் தடுக்கப்பட்ட கதவு இன்று திறந்தே உள்ளது. பதினெட்டு வயதில் வாக்குரிமை பெறும் நாட்டில், பத்தாம் வகுப்பு மாணவர் வாக்காளராவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளே எஞ்சியுள்ளன.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டமும் ஒருவகையில் அத்தகைய பள்ளியே. மூத்தோரும் இளையோரும் சரிநிகராய் அமர்ந்து கேட்டும் மறுத்தும் பழகியதே நம் வளர்ச்சிக்குக் காரணம். அவ்வழக்கம் நம் பிள்ளைகளின் வகுப்பறைகளிலும் தழைக்கத் துணைநிற்பது நம் அடுத்த பத்தாண்டின் பணிகளுள் ஒன்றாகுக.